கணினித் தரவுக் களஞ்சியமும் இலங்கைத் தமிழ் வழக்கும்

பன்னிரண்டரை இலட்சம் ரூபாவை இலக்கத்தில் எழுதும்போது காற்புள்ளியை எங்கே இடுவது என்பது மொழியாராய்ச்சிக்குரிய வினாவாகப் பொதுவாகக் கருதப்படுவதில்லை. இலங்கையில் வங்கிப் படிவங்களிலும் திணைக்களங்களின் கணக்கறிக்கைகளிலும் அத்தொகை 1,250,000 என மூவிலக்கப் பிரிப்பிலேயே எழுதப்படுகிறது. சிங்களத்தில் எழுதினாலும் தமிழில் எழுதினாலும் வழக்கு ஒன்றே. தமிழகத்திலோ அதே தொகை 12,50,000 என எழுதப்படும். இரண்டுள் எது சரி என்பதன்று இங்கு பிரச்சினை. இரண்டும் அவ்வந்நாட்டு வரலாற்றின் விளைவுகள். ஆனால், கணினியிலோ கையடக்கத் தொலைபேசியிலோ மொழியைத் தமிழ் என்றும் நாட்டை இலங்கை என்றும் தெரிவு செய்பவருக்கும் 12,50,000 என்ற வடிவமே காட்டப்பட்டு வந்துள்ளது. அவருக்கு அருகிலிருந்து சிங்களத்தைத் தெரிவு செய்பவர் 1,250,000 என்று காண்பார். ஒரே நாட்டில், ஒரே கடன் விண்ணப்பத்தில், ஒரே தொகை மொழிக்கொரு வடிவில் தோன்றுமாயின், தமிழில் வாசிப்பவரே மீண்டுமொருமுறை இலக்கங்களை எண்ணிப் பார்க்க வேண்டியவராகிறார்.

இத்தீர்மானத்தை எந்தப் பாராளுமன்றமும் எடுக்கவில்லை. எந்தக் கல்விமான் குழுவும் பரிந்துரைக்கவில்லை. அது திறந்த மூலத் தரவுக் களஞ்சியமொன்றின் அமைப்பிலிருந்து பிறந்தது. அக்களஞ்சியம் யாது, அதிலே தமிழ் எவ்வாறு இடம்பெற்றுள்ளது, அதற்குப் பங்களிப்பதென்பதன் சமூகப் பொருள் யாது என்பவற்றை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1. களஞ்சியத்தின் இயல்பு

உலக மொழிகளின் எழுத்துகள் ஒவ்வொன்றுக்கும் தனித்தனி எண்ணைக் கொடுக்கும் பணியை 1991 இல் நிறுவப்பட்ட யுனிகோட் ஒன்றியம் மேற்கொண்டது. அதன் பயனை நாம் நன்கறிவோம். அதற்கு முன்னர் பாமினி முதலிய எழுத்துருக்களில் அச்சிடப்பட்ட தமிழ், அந்த எழுத்துரு இல்லாத கணினியில் பொருளற்ற குறிகளின் கோவையாகவே தோன்றியது. ஒருவர் தட்டெழுதிய கட்டுரையை இன்னொருவர் தேடவோ திருத்தவோ இயலாதிருந்தது. எழுத்துக்குப் பொது எண் கிடைத்தமை இவ்வகையில் ஒரு முன்னேற்றமே.

எனினும் எழுத்து மட்டும் மொழியாகிவிடாது. ஒரு கணினி தமிழில் இயங்க வேண்டுமாயின், மாதங்களின் பெயர்களும் கிழமை நாட்களின் பெயர்களும் அவற்றின் குறுக்கங்களும் அதற்குத் தெரிந்திருக்க வேண்டும். நாள், மாதம், ஆண்டு என்பவற்றை எந்த ஒழுங்கில் நிறுத்துவது, நாடுகளையும் நாணயங்களையும் எவ்வாறு பெயரிடுவது, எண்ணைத் தொடரும் பெயர்ச்சொல் எப்போது பன்மையாகும், பெயர்ப்பட்டியலை எந்த அகரவரிசையில் அடுக்குவது என்பனவும் தெரிந்திருக்க வேண்டும். இவற்றையெல்லாம் மொழிதோறும் நாடுதோறும் திரட்டி வைத்திருப்பதே 'பொது வட்டாரத் தரவுக் களஞ்சியம்'. சி.எல்.டி.ஆர். என்ற குறுக்கப் பெயராலே அது அறியப்படுகிறது. அதன் முதற் பதிப்பு 2003 இல் வெளிவந்தது. அடுத்த ஆண்டில் அது யுனிகோட் ஒன்றியத்தின் பொறுப்புக்கு வந்தது. அப்பிள், கூகிள், மைக்ரோசொஃப்ட் முதலிய பெரு நிறுவனங்களின் மென்பொருள்களும், திறந்த மூல மென்பொருள்கள் பலவும் இத்தரவையே பயன்படுத்துகின்றன. எனவே இங்கு எழுதப்படும் ஒரு சொல், அதை எழுதியவர் கண்டிராத கோடிக்கணக்கான திரைகளில் தோன்றுகிறது.

வரிசைப்படுத்தலை மாத்திரம் ஓர் உதாரணமாகக் கொள்வோம். நெடுங்கணக்கிலே இடையினம் ய, ர, ல, வ, ழ, ள என நின்று, அதன்பின் ற, ன என முடியும். யுனிகோட் எண்வரிசையிலோ ந எழுத்தை அடுத்தே ன வருகிறது. ர எழுத்தை அடுத்து ற வருகிறது. ல, ள, ழ ஆகியவற்றின் பின்னரே வ வருகிறது. இந்திய மொழிகள் பலவற்றுக்கும் பொதுவானதோர் அட்டவணையில் தமிழ் பொருத்தப்பட்டமையின் விளைவு இது. எண்வரிசைப்படியே கணினி அடுக்குமாயின் எந்தத் தமிழ் அகராதியும் பிழைபட்டுப் போகும். இக்குறையை நிவர்த்தி செய்வது வரிசைப்படுத்தல் விதிகளாகும். மெய்யெழுத்து அகரமேறிய உயிர்மெய்க்கு முன்னே நிற்க வேண்டும் என்ற தமிழகராதி மரபையும் அவ்விதிகளே கணினிக்குக் கற்பிக்கின்றன. மரபிலக்கண அறிவு இங்கே நேரடித் தொழிற்பயனுடையதாகிறது.

2. பொதுத் தமிழும் விலகற் பட்டியலும்

களஞ்சியத்தின் உள்ளமைப்பிலே அடிப்படையானது வழியுரிமைக் கோட்பாடாகும். 'தமிழ்' என ஒரு தொகுதி உண்டு. அதன் கீழே இந்தியா, இலங்கை, மலேசியா, சிங்கப்பூர் என நான்கு நாட்டுத் தொகுதிகள் உள்ளன. நாட்டுத் தொகுதியில் ஒரு விடயம் குறிக்கப்படவில்லையெனில், கணினி மேலே சென்று பொதுத் தொகுதியிலிருந்து அதனைப் பெற்றுக்கொள்ளும். தொழில்நுட்ப நோக்கில் இது சிக்கனமான ஏற்பாடு. ஒரே செய்தியை நான்கு முறை எழுத வேண்டியதில்லை.

ஆயினும் இவ்வேற்பாட்டிலே கவனத்துக்குரிய ஓர் அம்சம் உண்டு. இந்தியாவுக்கான தமிழ்த் தொகுதி ஏறத்தாழ வெறுமையானது. ஏனெனில் பொதுத் தொகுதியின் உள்ளடக்கமே இந்திய வழக்குத்தான். வேறு வார்த்தையிற் கூறுவதாயின், தமிழக வழக்குக்கு 'தமிழ்' என்பதே பெயர். ஏனையவை அதிலிருந்து விலகுமிடங்களின் பட்டியல்கள். சிங்களத்துக்கு நிலைமை வேறு. இலங்கை வழக்கே அம்மொழியின் பொதுத் தொகுதியாகையால், அதன் எண் பிரிப்பு இந்நாட்டு முறையை ஒத்தே அமைந்துவிட்டது.

மலேசியத் தமிழுக்கும் சிங்கப்பூர்த் தமிழுக்குமுரிய தொகுதிகளில் மூவிலக்கப் பிரிப்பு வெளிப்படையாகக் குறிக்கப்பட்டுள்ளது. அந்நாடுகளின் வழக்கைக் கவனித்த எவரோ அதனை முன்மொழிந்து, வேறு சிலர் ஆதரித்திருக்கின்றனர். இலங்கைத் தொகுதியிலோ நாம் பார்த்த பதிப்புகளில் நேர வடிவமும் ரூபாவின் குறியீடும் தவிர வேறு விலகல் ஏதும் இல்லையெனும்படியாக இருந்தது. முழுத் தொகுதியும் ஒரு பக்கத்துள் அடங்கிவிடும். குறிக்கப்பட்ட நேர வடிவமும் இருபத்துநான்கு மணிநேர முறையாகும். எமது அழைப்பிதழ்களிலும் அறிவித்தல்களிலும் பெருவழக்காக உள்ளதோ 'பி.ப. 3.30' என்பதே.

பொதுத் தொகுதியும் முரண்பாடற்றதன்று. எண்களைப் பிரிக்கையில் இலட்ச முறையைப் பின்பற்றும் அதே தொகுதி, பேரெண்களைச் சுருக்கிச் சொல்லுகையில் மில்லியன், பில்லியன் என்ற சொற்களைக் கையாண்டு வந்துள்ளது. இலக்கம் ஒரு முறையில், சொல் வேறொரு முறையில். நாமோ பேச்சில் இலட்சத்தையும் கோடியையும் விடாது, எழுத்தில் மூவிலக்கமாகப் பிரித்து வருகிறோம். அன்றாட வாழ்வின் முரண்கள் தரவிலும் படிவது வியப்புக்குரியதன்று. அவை அறிந்து தீர்மானிக்கப்பட்டனவா, கவனிப்பாரின்றி நேர்ந்தனவா என்பதே வினா.

3. சொற்களும் அவற்றின் பின்னணியும்

பொதுத் தொகுதியிலே பிப்ரவரி, அக்டோபர், ஆஸ்திரேலியா, டாலர் என்னும் வடிவங்கள் உள்ளன. இலங்கைப் பத்திரிகைகளையும் பாடநூல்களையும் வாசித்துப் பழகியவர்களுக்குப் பெப்ரவரி, ஒக்டோபர், அவுஸ்திரேலியா, டொலர் என்பனவே இயல்பானவை. தேதி என்பதற்குத் திகதி என்கிறோம். ரூபாய் என்பதற்கு ரூபா என்கிறோம். இவ்வேறுபாடுகள் வெறும் ஒலிபெயர்ப்பு விருப்பங்கள் அல்ல. பிறமொழிச் சொற்களைத் தமிழில் எழுதும் முறை, பாடசாலைக் கல்வி தாய்மொழிக்கு மாறிய காலத்தில், 1950களிலிருந்து கலைச்சொல் தொகுதிகள் வாயிலாகவும் பாடநூல்கள் வாயிலாகவும் இந்நாட்டிலே தனியே வளர்ச்சியுற்றது. விஞ்ஞானத்தையும் வரலாற்றையும் புவியியலையும் தமிழிலே கற்ற தலைமுறைகளின் உழைப்பு அதனுள் உறைந்திருக்கிறது.

இதே வினா வேறொரு வடிவத்தில் எம்மிடையே முன்னரும் எழுந்ததுண்டு. இலங்கை முற்போக்கு எழுத்தாளர் சங்கம் 1954 இல் தோன்றிய பின்னர், தேசிய இலக்கியம், மண்வாசனை என்னும் கருத்துகள் முன்வைக்கப்பட்டன. 1960களின் முற்பகுதியில் மரபுப் பிரச்சினை பெரும் விவாதமாயிற்று. உழைக்கும் மக்களின் பேச்சு வழக்கை இலக்கியத்திற் கையாண்டோர், மொழியைக் கெடுப்பவர்களெனப் பழிக்கப்பட்டனர். எது தமிழ் எனத் தீர்மானிக்கும் அதிகாரம் எவருக்குரியது என்பதே அவ்விவாதத்தின் உட்பொருள். எழுதப்படும் இலக்கணம் எதுவும் ஒரு தெரிவே என்றும், ஆகவே அது எப்பொழுதும் பண்பாட்டு அரசியற் செயலே என்றும் அந்தோனியோ கிராம்ஷி 1935 இல் சிறையிலிருந்து எழுதிய குறிப்புகளிற் சுட்டிக்காட்டினார். இலக்கண நூலுக்குப் பொருந்துவது தரவுத் தொகுதிக்கும் பொருந்தும். வேறுபாடு ஒன்றுண்டு. இலக்கண நூலுக்கு ஆசிரியர் பெயர் உண்டு, மறுப்புரை எழுதலாம். திரையில் தோன்றும் மாதப் பெயருக்கோ ஆசிரியர் இல்லை. அது இயற்கையானது போலவே காட்சி தருகிறது.

இன்னோர் எச்சரிக்கையும் இங்கு அவசியம். தமிழக வழக்குக்கு மாற்றாக நாம் முன்வைக்கும் 'இலங்கைத் தமிழ்' எவரது தமிழ்? 2012 ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்படி இலங்கைத் தமிழர், மலையகத் தமிழர், இலங்கைச் சோனகர் ஆகிய மூன்று பிரிவினரும் ஏறத்தாழ 50 இலட்சத்தினராவர். இவர்களுள் யாழ்ப்பாணத்து மத்தியதர வர்க்கத்தின் எழுத்து வழக்கை மட்டும் எடுத்து முழு நாட்டின் வழக்கெனப் பதிவு செய்வோமாயின், நாம் எதிர்க்கும் தவறையே சிறிய அளவிற் செய்தவர்களாவோம். இஸ்லாமிய நாட்காட்டியின் மாதப் பெயர்களையும் களஞ்சியம் கேட்கிறது. தமிழகத்திற் பலரும் ரமலான் என எழுதுவதை இந்நாட்டு முஸ்லிம்கள் ரமழான் என எழுதுவர். இதனைத் தீர்மானிக்க வேண்டியவர்கள் அவர்களே. மட்டக்களப்பினதும் மலையகத்தினதும் வழக்குகளுக்கும் இது பொருந்தும்.

4. பங்களிக்கும் முறை

களஞ்சியத்துக்குப் பங்களிக்க நிரல் எழுதத் தெரிந்திருக்க வேண்டியதில்லை. தரவு திரட்டப்படும் காலங்களில் 'சர்வே டூல்' எனும் இணையக் கருவி திறந்து விடப்படும். பங்களிப்பவர் கணக்கொன்றைப் பெற்று உள்ளே சென்றால், விடயங்கள் வரிசையாகத் தோன்றும். ஒவ்வொன்றுக்கும் ஆங்கில வடிவம், தற்போது முன்னிற்கும் தமிழ் வடிவம், பிறர் முன்மொழிந்த மாற்று வடிவங்கள் என்பன அருகருகே காட்டப்படும். இருப்பதை ஆதரிக்கலாம், மாற்றொன்றை ஆதரிக்கலாம், புதியதொன்றை முன்மொழியலாம். காரணங்களைக் கலந்துரையாடற் பகுதியில் எழுதலாம். வாக்குகளின் அடிப்படையில் முடிவு பெறப்பட்டு, சர்ச்சைக்குரியவை தொழில்நுட்பக் குழுவின் பார்வைக்குச் செல்லும்.

இங்கு இரு விடயங்கள் மனங்கொள்ளத்தக்கவை. முதலாவது, வாக்குகள் யாவும் சம நிறையுடையன அல்ல. தனியாளாக விருந்தினர் கணக்கில் வருபவரின் வாக்கை விட, உறுப்பு நிறுவனமொன்றின் சார்பில் வருபவரின் வாக்குக்கு நிறை கூடுதல். அதேவேளை, ஒரே நிறுவனத்திலிருந்து பலர் வாக்களித்தாலும் அவை கூட்டப்படுவதில்லை. நிறுவனத்துக்கு ஒரு குரலே. எனவே, தனித்தனியே எழும் ஆர்வலர்களை விட, பல்கலைக்கழகம் போன்ற நிறுவனங்களின் ஒழுங்கமைந்த பங்களிப்பே பயன்தரும்.

இரண்டாவது, வழியுரிமையைப் பேணுவதா விலகுவதா என்பதை ஒவ்வொரு விடயத்திலும் தனித்தனியே தீர்மானிக்க வேண்டும். உணர்ச்சி வேகத்தில் எல்லாவற்றையும் இலங்கைத் தொகுதியில் தனியே எழுதிவிட்டால், பொதுத் தொகுதியில் பிற்காலத்தில் ஏற்படும் திருத்தங்கள் எம்மை வந்தடையா. ஞாயிறு, திங்கள் என்னும் கிழமைப் பெயர்கள் தமிழ் வழங்கும் நாடெங்கும் ஒன்றே. அவற்றைப் பிரித்தெழுதுவதால் யாருக்கும் நன்மையில்லை. வழக்கு உண்மையாகவே வேறுபடும் இடத்தில் மட்டும், ஆதாரத்துடன், விலக வேண்டும். பொதுத் தொகுதியையே மேம்படுத்த வேண்டிய இடங்களும் உண்டு. எண்ணுக்கேற்பப் பெயர்ச்சொல்லின் ஒருமை பன்மை வடிவங்களைத் தரவு தனித்தனியே கேட்கிறது. '1 நாள்', '2 நாட்கள்' என எழுதப்படுகின்றன. நாட்களா, நாள்களா என்பது இன்னும் முடிவுறாத சர்ச்சை. அதற்கும் மேலாக, அஃறிணைப் பெயர் பன்மை விகுதி இன்றியே பன்மையை உணர்த்தும் என்பதை நமது இலக்கண நூலார் பால்பகா அஃறிணைப் பெயர் என வகுத்துச் சொன்னார்கள். 'பத்து ரூபா', 'இரண்டு நாள்' என்னும் வழக்குகள் அதனாலேயே இயல்பாக ஒலிக்கின்றன. ஆங்கிலத்தின் பன்மை வாய்பாட்டில் வைத்து வினவப்படும்போது, பங்களிப்பவர் இவ்வியல்பை மறந்துவிடக் கூடாது.

5. உழைப்பும் உடைமையும்

இவ்வாறு திரளும் தரவு எவருக்குரியது? அதன் உரிமம் மிகத் தாராளமானது. எவரும் கட்டணமின்றி எடுத்துப் பயன்படுத்தலாம். வணிகப் பொருளிற் சேர்த்து விற்கலாம். பாடசாலை ஆசிரியர் ஒருவர் இரவு விழித்திருந்து திருத்திய மாதப் பெயரை, உலகின் மிகப் பெரிய நிறுவனங்கள் தமது பொருளிற் சேர்த்து விற்கின்றன. மக்கள் கூட்டாகப் படைத்த மொழி, ஊதியமற்ற உழைப்பின் மூலம் தரவாக மாற்றப்பட்டு, தனியுடைமையான இலாபத்துக்கு உள்ளீடாகிறது. இம்முரண்பாட்டை மூடிமறைத்துத் திறந்த மூலம் என்பதை ஒரு தூய இலட்சியமாகப் போற்றுவோருடன் நாம் உடன்பட முடியாது.

அதற்காக ஒதுங்கியிருப்பது விடையாகுமா? தமிழ்நாட்டின் மக்கட்தொகை 2011 ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி 7 கோடி 21 இலட்சம். சந்தையின் அளவே தீர்மானிக்குமெனில், இலங்கைத் தமிழைக் கவனிக்க எந்த நிறுவனத்துக்கும் காரணமில்லை. விலை கொடுத்து வாங்கும் பொருளாக மட்டும் இத்தரவு இருந்திருந்தால், காற்புள்ளியின் இடத்தை மாற்றும்படி விண்ணப்பிக்கக்கூட எமக்கு வழியிருந்திராது. திறந்த தரவின் முற்போக்கு அம்சம் இதுவே. சந்தைக்கு வேண்டாத சிறுதொகையினரும் உள்ளே வந்து தமது வழக்கைப் பதிவு செய்யும் வாய்ப்பை அது தருகிறது. அதே தரவை இலவச மென்பொருள்களும் பாடசாலைகளும் அரச அலுவலகங்களும் எடுத்தாளலாம். நிறுவனங்கள் பயன்பெறும் என்பதற்காக மக்கள் பயன்பெறாதிருக்க வேண்டியதில்லை.

6. செய்யத்தக்கவை

1987 ஆம் ஆண்டின் பதின்மூன்றாவது அரசியலமைப்புத் திருத்தம் தமிழும் அரசகரும மொழியாகும் என விதித்தது. சட்டத்தில் எழுதப்பட்ட உரிமை படிவத்திலும் பற்றுச்சீட்டிலும் நடைமுறையாவதற்கு எவ்வளவு காலம் செல்லும் என்பதை நாம் அனுபவத்தில் அறிவோம். இன்று அலுவலகப் படிவம் திரைக்கு மாறிக்கொண்டிருக்கிறது. திரையின் இயல்புநிலைத் தமிழ் இந்நாட்டு வழக்குக்குப் பொருந்தாதிருந்தால், தமிழைத் தெரிவு செய்தவர்கள் இடர்ப்பட்டு மீண்டும் ஆங்கிலத்துக்கு மாறிவிடுவர். பின்னர், தமிழைப் பயன்படுத்துவோர் குறைவென்பதே தமிழைப் புறக்கணிக்கக் காரணமாகக் காட்டப்படும். மொழியுரிமை பேசும் எவரும் இச்சுழற்சியைக் கவனியாதிருக்க முடியாது.

ஆகவே பல்கலைக்கழகத் தமிழ்த்துறைகளும் கணினித் துறைகளும் இணைந்து ஒரு பணிக்குழுவை அமைத்தல் வேண்டும். அதன் முதற்பணி வாக்களிப்பதன்று, வழக்கைத் திரட்டுவதே. பத்திரிகைகள், பாடநூல்கள், வர்த்தமானி, வங்கிப் படிவங்கள், பள்ளிவாசல் அறிவித்தல்கள், தோட்டத் தொழிற்சங்கங்களின் துண்டுப்பிரசுரங்கள் ஆகியவற்றிலிருந்து மாதப் பெயர், நாட்டுப் பெயர், நாணயப் பெயர், எண் வடிவம் என்பவற்றைச் சேகரித்து, எந்த வடிவம் எங்கு எவரால் எந்த அளவுக்கு வழங்கப்படுகிறது என்பதைக் காட்ட வேண்டும். சிறப்புக்கலை மாணவர்களுக்கு இது தக்கதோர் ஆய்வுப் பயிற்சியாகும். அவ்வாறு திரட்டிய சான்றுகளுடன் கலந்துரையாடற் பகுதிக்குச் செல்லும்போது, எமது கோரிக்கை பிரதேசப் பெருமிதத்தின் குரலாக அன்றி, ஆய்வின் முடிபாகக் கேட்கப்படும். தமிழகத்திலும் மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் இப்பணியில் ஈடுபட்டிருப்போருடன் தொடர்பு கொள்வதும் அவசியம். அவர்கள் எமது எதிரிகள் அல்லர். பொதுத் தொகுதியின் குறைகளை நால்வரும் சேர்ந்தே களைய வேண்டும்.

எண் பிரிப்பிலிருந்து தொடங்கலாம். அது சிறிய விடயம். ஆதாரம் எளிதிற் கிடைப்பது. மலேசியாவும் சிங்கப்பூரும் முன்னுதாரணமாக உள்ளன. கடன் படிவமொன்றை நிரப்பும் விவசாயி தனது தொகையைத் தமிழிலே ஒருமுறை பார்த்து ஐயமின்றிக் கையொப்பமிட முடியுமானால், எமது துறைகளின் உழைப்புக்கு அதுவே போதிய நியாயமாகும்.